நுண்கிருமி கண்ட பேரறிஞர்

சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் மின்சார இரயில் வண்டி, கிண்டி, பரங்கிமலை, பல்லாவரம், குரோம்பேட்டை ஆகிய இடங்களைக் கடந்து, தாம்பரத்தை அடைவதற்குச் சற்று முன்னர் ஒரு நிலையத்தில் நிற்கும். அந்நிலையத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம் என்பதாகும். காசநோயாளர் தங்கி, தூய காற்றும் நல்லுணவும் ஓய்வும் பெற்று உடல் தேறுவதற்கென அமைந்த இல்லத்தையே சானடோரியம் என்பர். இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளின் மீது அத்தகைய இல்லம் ஒன்றை நடத்தியவரும், கணித மேதை இராமானுசனுக்கு 1917ஆம் ஆண்டில் அங்கே மருத்துவம் செய்தவருமாகிய டாக்டர் டேவிட் சவுரிமுத்து என்பவர், 1928ஆம் ஆண்டில் தாம்பரத்தில் 12 படுக்கைகளுடன் இந்த இல்லத்தைத் தொடங்கினார். 1937ஆம் ஆண்டில் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. அன்று சிறு விதையாக ஊன்றப்பட்ட அவ்வில்லமே இன்று நெஞ்சக நோய்களுக்கான பெரிய அரசு மருத்துவமனையாக விளங்குகின்றது.

அதே இருப்புப் பாதையில் உள்ள கிண்டியில், 1899ஆம் ஆண்டில் தோன்றிய கிங் நோய்த்தடுப்பு நிலையம் இருக்கின்றது. நோயாளியின் உடலிலிருந்து எடுத்த சில துளி நீரை ஆராய்ந்து, அவரை வருத்தும் கிருமி இன்னதெனத் துணிந்து கூறும் கலை இத்தகைய இடங்களிலே வளர்ந்து வருகின்றது. அக்கலைக்கு அடிப்படை அமைத்தவர் நம் நாட்டவர் அல்லர். எனினும் நம் நாட்டிற்கு வந்து, நம் மக்களை வாட்டிய நோயை ஆராய்ந்து சென்றவர். அவரே செருமானிய நாட்டு மருத்துவ அறிஞர் இராபர்ட் கோக் ஆவார்.

இராபர்ட் கோக், 1843ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 11ஆம் நாள், ஆர்சு மலைப் பகுதியில் உள்ள கிளாவுசுதால் என்னும் சுரங்க ஊரில் பிறந்தார். அவர் தந்தையார் சுரங்கத்தில் அலுவல் பார்த்தவர். பிள்ளைகள் பலர் நிறைந்த அக்குடும்பத்தில் செல்வம் மிகுதியாக இல்லை. ஆயினும் கல்வியில் ஆர்வம் குறைவின்றி இருந்தது. 1862ஆம் ஆண்டில் கோக், கெட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பின்னர் மருத்துவம் பயின்று 1866ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தவருள் ஒருவர் யாக்கோபு ஏன்லே என்னும் பெரியார். தொற்று நோய்கள் உயிருள்ள நுண்பொருள்களால் பரவுகின்றன என்று ஏன்லே 1840ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தார். அதனை மெய்ப்பிக்க அவரிடம் கருவியும் வழியும் இல்லை. ஆசிரியர் கருத்தாக விட்டுச் சென்றதை மாணவர் செயலாக்கிக் காட்டினார்.

பட்டம் பெற்ற பின்னர்க் கோக், பல ஊர்களில் மருத்துவத் தொழில் செய்தார். எம்மி என்னும் மங்கையை மணந்தார். 1870ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டோடு நிகழ்ந்த போரில் மருத்துவராகத் தாமே முன்வந்து பணியாற்றினார். 1872ஆம் ஆண்டில் ஓல்சுடைன் என்னும் சிற்றூரில் மாவட்ட மருத்துவராக அமர்ந்தார். அவ்வூர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. அங்கே அவருக்கு ஆய்வுக்கூடம் இல்லை; உதவியாளர் இல்லை; பெரிய நூலகமும் இல்லை. தாம் குடியிருந்த வீட்டில் ஒரு பகுதியைத் திரையிட்டு மறைத்து, அதனையே ஆய்வுக்கூடமாக ஆக்கிக்கொண்டார். நோயாளிகளைப் பார்த்து முடித்ததும் திரைக்குப் பின்னே சென்று நுண்ணோக்கியின் முன் அமர்ந்துவிடுவார்.

அந்நாளில் அவ்வட்டாரத்துக் கால்நடைகளை அடைப்பான் என்னும் கொடிய நோய் மாய்த்து வந்தது. காலையில் மேயச் சென்ற ஆடு மாலையில் மடிந்து கிடக்கும். மனிதர்க்கும் அந்நோய் தொற்றுவதுண்டு. இறந்த விலங்குகளின் குருதியில் சிறு கோல் போன்ற பொருள்கள் இருப்பதை அறிஞர் சிலர் முன்னரே கண்டிருந்தனர். அவை நோயை உண்டாக்கியவையா, அன்றி நோயினால் உண்டானவையா என்பதே அவிழாத முடிச்சாக இருந்தது.

இந்த முடிச்சை அவிழ்க்கக் கோக் மேற்கொண்ட வழி மிக எளியது. அடைப்பானால் இறந்த விலங்கின் குருதியை மரச்சிராய் ஒன்றில் தோய்த்து, அதனை எலியின் வாலடியில் செருகினார். எலி விரைவில் இறந்தது. அதன் குருதியில் அக்கோல்கள் நிறைந்திருந்தன. நலமுள்ள விலங்கின் குருதியை அவ்வாறே மற்றோர் எலிக்குச் செலுத்தினார். அந்த எலிக்கு அடைப்பான் நோய் வரவில்லை. நலமுள்ள விலங்கின் குருதியில் அக்கோல்களும் இல்லை.

இங்கே நாம் உற்று நோக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. நம் உடலில் கிருமிகள் எப்பொழுதும் குடியிருக்கும் இடங்கள் சில. குடியிருக்கக் கூடாத இடங்கள் சில. தோல், வாய், மூக்கு, குடல் ஆகியவை சந்தைத் தெருவை ஒத்தவை. அங்கே எண்ணற்ற கிருமிகள் எந்நேரமும் உலவும். அவற்றுட் பல நமக்குத் தீங்கு செய்யாதவை, சில நன்மையும் செய்பவை. குருதி, மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்துள்ள நீர், நுரையீரலைப் போர்த்த இரட்டைச் சவ்வின் இடைவெளி, இதயத்தின் உறை, மூட்டுகளின் உள்நீர் ஆகியவை பூட்டிய அறைகளை ஒத்தவை. நலமுள்ள உடலில் அங்கே கிருமிகள் குடியிருப்பதில்லை. பல் துலக்கும்போது ஒன்றிரண்டு கிருமிகள் குருதியில் நுழைந்தாலும், வெள்ளணுக்களும் மண்ணீரலும் கல்லீரலும் அவற்றை விரைவில் அழித்துவிடும். சந்தையில் ஓர் அயலானைக் கண்டால் அவன் கள்வன் என்று கூற முடியாது. பூட்டிய அறைக்குள் அயலான் ஒருவனைக் கண்டாலோ, அவன் எவ்வாறு புகுந்தான் என்று கேட்டே ஆக வேண்டும். குருதியில் கண்ட கோல்கள் கோக்கின் கருத்தைக் கவர்ந்தமைக்கு இதுவே காரணமாகும்.

ஆயினும் அவர் அத்துடன் நிறைவு கொள்ளவில்லை. குருதியில் உள்ள வேறு ஏதேனும் ஒரு நஞ்சு எலியைக் கொன்றிருக்கலாம் அல்லவா? கோல்களை மட்டும் தனியே வளர்த்துக் காட்ட வேண்டும் என்று கருதினார். வளர்ப்பதற்கு வேறு கிருமி கலவாத நீர் தேவைப்பட்டது. மாட்டின் கண்ணுக்குள் இருக்கும் தெளிந்த நீரை அவர் எடுத்தார். அதுவும் பூட்டிய அறையே; அங்கும் இயற்கையில் கிருமிகள் வாழ்வதில்லை. அந்நீரில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் தொங்கவிட்டு, இறந்த எலியின் மண்ணீரலிலிருந்து மிகச் சிறு துணுக்கை அதிலிட்டு, உடலின் வெப்பத்தில் வைத்துப் பார்த்தார். கோல்கள் நீண்டு வளர்ந்து நூல்போல் பின்னிக்கொண்டன. பின்னர் அவற்றுள் மணிபோன்ற வித்துகள் தோன்றின. அவ்வித்துகள் மண்ணில் நெடுநாள் சாகாமல் கிடக்கும் ஆற்றல் உடையவை. நோயுற்ற ஆடு இல்லாத மேய்ச்சல் நிலத்திலும் அடைப்பான் திடீரெனத் தோன்றுவது ஏன் என்ற ஐயமும் இதனால் நீங்கியது.

1876ஆம் ஆண்டில் கோக் தம் கருவிகளையும் எலிகளையும் எடுத்துக்கொண்டு பிரெசுலாவு நகரப் பேராசிரியர் பெர்டினாண்டு கோன் என்பவரிடம் சென்றார். பெயரறியாத நாட்டுப்புற மருத்துவர் என்ன காட்டப் போகின்றார் என்று எண்ணியவர்களும் அவர் சோதனைகளைக் கண்டு வியந்தனர். ஒரு நோய்க்கு ஒரு கிருமியே காரணம் என்பது அங்கே ஐயத்திற்கு இடமின்றி விளங்கியது.

1880ஆம் ஆண்டில் செருமானிய அரசு அவரைப் பெர்லின் நகரத்து நலத்துறை அலுவலகத்திற்கு அழைத்துக்கொண்டது. கிருமிகளை இனம் இனமாகப் பிரித்து வளர்ப்பதே அங்கு அவர் முதலில் எடுத்த பணி. நீரில் வளர்த்தால் கிருமிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். வேகவைத்த உருளைக்கிழங்குத் துண்டின் மீது வெவ்வேறு நிறப் புள்ளிகள் தோன்றுவதைக் கோக் கண்டார். ஒவ்வொரு புள்ளியும் ஒரே இனக் கிருமிகளின் கூட்டம் என்று உணர்ந்தார். திண்மையான பரப்பில் வளர்த்தால் கிருமிகள் கலவா என்பது தெளிவாயிற்று. முதலில் ஜெலட்டினைப் பயன்படுத்தினார். அது வெப்பத்தில் உருகிவிட்டது. அவருடைய ஆய்வுக்கூடத்தில் பணி செய்த எசே என்பவரின் மனைவியார் பேன்னி, சமையலில் தாம் கையாண்ட கடற்பாசியைப் பயன்படுத்தலாம் என்று கூறினார். நம் இல்லங்களில் இனிப்புச் செய்யப் பயன்படும் அக்கடற்பாசிப் பொருளே இன்றும் உலகெங்கும் உள்ள ஆய்வுக்கூடங்களில் கிருமிகளை வளர்க்க உதவுகின்றது.

அடுத்து அவர் கருத்துக் காசநோயின்மீது சென்றது. எலும்புருக்கி என்றும் க்ஷயம் என்றும் நம் முன்னோர் அஞ்சிய நோய் இதுவே. இறப்பவருள் எழுவருக்கு ஒருவர் இந்நோயால் மாள்வதாகக் கோக் கணக்கிட்டுக் கூறினார். அது பரம்பரையாக வருவது என்று பலர் நம்பினர். அதன் கிருமியோ எளிதில் சாயம் ஏறாதது, மிக மெல்லியது, மிக மெதுவாக வளர்வது. கோக் நீலச் சாயத்தில் ஒரு நாள் முழுவதும் ஊறவைத்தும், மேலே பழுப்புச் சாயம் ஏற்றியும் பார்த்தார். பழுப்புப் பரப்பில் நீலக் கோல்கள் தெரிந்தன. விலங்கின் குருதித் தெளிநீரைக் கிருமி நீங்குமாறு சூடாக்கி உறையச் செய்து, அதன் மீது அவற்றை விதைத்தார். முதல் வாரத்தில் ஒன்றும் தோன்றவில்லை. வேறொருவராயின் குழாயை வீசியிருப்பர், அவர் காத்திருந்தார். இரண்டாம் வாரத்தில் சிறு செதில்கள் போன்ற புள்ளிகள் தோன்றின. அவற்றை விலங்குகளுக்குச் செலுத்தியபோது காசநோய் உண்டாயிற்று.

1882ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 24ஆம் நாள் பெர்லினில் அறிஞர் கூட்டத்தின் முன் கோக் இவற்றை எடுத்துரைத்தார். நுரையீரலில் மட்டுமின்றி மூளையிலும் குடலிலும் உண்டாகிய காசநோய்க் கட்டிகளிலும் அதே கிருமி இருப்பதைக் காட்டினார். உரை முடிந்தபோது அவையில் கைதட்டலும் எழவில்லை, மறுப்பும் எழவில்லை. கேட்டவர் யாவரும் வியப்பினால் வாயடைத்திருந்தனர். அந்நாளையே இன்று உலகக் காசநோய் நாளாகக் கொண்டாடுகின்றோம்.

மறு ஆண்டு எகிப்து நாட்டில் காலரா பரவியது. செருமானிய ஆய்வுக் குழுவின் தலைவராகக் கோக் அங்கே சென்றார். பிரெஞ்சு நாட்டிலிருந்தும் ஒரு குழு வந்தது. அக்குழுவில் இருந்த துயிலியே என்னும் இளைஞர் அந்நோய்க்கே இரையானார். நாடுகளுக்கிடையே இருந்த பகையை மறந்து, கோக் அவருடைய பெட்டியைச் சுமந்து இறுதி மரியாதை செய்தார். எகிப்தில் நோய் தணியவே, 1883ஆம் ஆண்டின் இறுதியில் அவர் கல்கத்தாவிற்கு வந்தார்.

கல்கத்தாவில் அவருக்கு வேறுவகைத் தொல்லை காத்திருந்தது. அடைப்பான் கிருமி குருதியாகிய பூட்டிய அறையில் அகப்பட்டது. காலராவோ குடலில் விளையும் நோய். குடல் கிருமிகளின் பெருஞ்சந்தை அல்லவா? அந்தக் கூட்டத்தில் குற்றவாளி எவன்? காலராவால் இறந்தவர்களின் குடலையும், வேறு வயிற்று நோய்களால் இறந்தவர்களின் குடலையும் அவர் ஒப்பிட்டு ஆராய்ந்தார். சற்றே வளைந்த ஒரு கிருமி காலராவால் இறந்தவரிடம் காணப்பட்டது, ஏனையோரிடம் காணப்படவில்லை. நோய் பரவிய இடத்தின் குளத்து நீரிலும் அது காணப்பட்டது. தூய நீரே காலராவிற்குத் தடை என்பது இதனால் வலியுற்றது. பின்னாளில், நோய்க்குறி எதுவும் இல்லாத சிலர் குடலிலும் அக்கிருமி இருப்பதை அவரே கண்டார். கிருமியைக் கண்டோம் என்பது மட்டும் போதாது, அதனை எந்த இடத்தில் கண்டோம் என்பதையும் கேட்க வேண்டும் என்னும் பாடத்தை அவருடைய வாழ்க்கையே நமக்குத் தருகின்றது.

புகழின் உச்சியில் இருந்த கோக்கிற்கும் ஒரு பெரிய சறுக்கல் நேர்ந்தது. 1890ஆம் ஆண்டில் காசநோயைத் தடுக்கும் பொருள் ஒன்றைக் கண்டதாக அவர் அறிவித்தார். ஆய்வு முற்றுப்பெறவில்லை, அப்பொருள் எவ்வாறு செய்யப்பட்டது என்பதையும் அவர் உடனே வெளியிடவில்லை. ஆயினும் நோயாளர் பல நாடுகளிலிருந்தும் பெர்லினுக்கு ஓடிவந்தனர். பலர்க்கு நோய் நீங்கவில்லை, சிலர் இறந்தனர். நம்பிக்கையோடு வந்தவர் ஏமாற்றத்தோடு திரும்பினர். ஐயம் தீரும்வரை எதையும் கூறலாகாது என்று உலகிற்குக் கற்பித்த அறிஞரே, ஐயம் தீருமுன் கூறியதால் விளைந்த துன்பம் இது. எனினும் அந்தப் பொருள் வீணாகவில்லை. டியூபர்குலின் என்னும் அது, ஒருவர் உடலில் காசநோய்க் கிருமி புகுந்துள்ளதா என்று தோலில் சோதித்து அறிய இன்றும் பயன்படுகின்றது.

1891ஆம் ஆண்டில் பெர்லினில் தொற்றுநோய் ஆய்வு நிலையம் ஒன்று அவருக்கென அமைந்தது. 1897ஆம் ஆண்டில் பிளேக்கு நோயை ஆராய அவர் மீண்டும் இந்தியாவிற்கு வந்தார். ஆப்பிரிக்க நாடுகளிலும் நோய்களை ஆராய்ந்தார். காசநோய் பற்றிய ஆராய்ச்சிக்காக 1905ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். 1910ஆம் ஆண்டு மேத் திங்கள் 27ஆம் நாள் பாடன்பாடன் என்னும் ஊரில் உயிர் நீத்தார்.

அவர் மறைந்தாலும் அவர் காட்டிய வழி மறையவில்லை. ஒரு குழந்தை கடுங்காய்ச்சலோடு, கழுத்தை வளைக்க இயலாமல், நினைவு தடுமாறி மருத்துவமனைக்கு வருகின்றது எனக் கொள்வோம். மூளை உறையில் கிருமி புகுந்ததோ என்று மருத்துவர் ஐயுறுவார். மூக்கிலும் தொண்டையிலும் எடுத்த சளியில் கிருமி காணப்பட்டால் அதனால் ஒன்றும் முடிவாகாது. அக்கிருமி நலமுள்ள குழந்தையின் தொண்டையிலும் இருக்கக்கூடும். ஆகவே முதுகின் கீழ்ப்பகுதியில் முள்ளெலும்புகளின் இடையே ஊசி செலுத்தி, தண்டுவட நீரில் சில துளிகளை எடுப்பார். அம்முறையை 1891ஆம் ஆண்டில் வகுத்துத் தந்தவர் குவின்கே என்னும் மற்றொரு செருமானிய மருத்துவர். தெளிந்த நீர்போல் இருக்க வேண்டிய அது கலங்கியிருப்பதும், அதில் கிருமி காணப்படுவதும் உயிருக்கு நேர்ந்துள்ள பேரிடரை உணர்த்தும். எந்த மருந்து அக்கிருமியைக் கொல்லும் என்பதும் அக்கிருமியை வளர்த்துப் பார்த்தால் விளங்கும்.

நுரையீரலின் சவ்விடையே நீர் கோத்தவர்க்கும், குருதியில் நஞ்சேறியவர்க்கும், மூட்டு வீங்கியவர்க்கும் அவ்வவ்விடத்து நீரையே எடுத்துச் சோதிப்பர். அவ்வாறு எடுக்கும்போது எச்சரிக்கை மிக வேண்டும். தோலின் மீதுள்ள கிருமி ஊசியோடு சேர்ந்து புட்டிக்குள் விழுந்துவிட்டால், அறைக்குள் இல்லாத கள்வனை இருப்பதாக எண்ணி ஏமாறுவோம். அதனால் தோலை மருந்திட்டு நன்கு துடைத்து, கிருமி நீக்கிய ஊசியும் புட்டியும் கொண்டு, கூடுமானால் மருந்து கொடுக்குமுன்னரே எடுத்து, காலம் தாழ்த்தாது ஆய்வுக்கூடத்திற்கு அனுப்புவர். இதற்கு மறுதலையான எச்சரிக்கையும் உண்டு. சவ்விடை நீரில் காசநோய்க் கிருமிகள் மிகச் சிலவே இருத்தலால், சோதனையில் அவை அகப்படாமலும் போகலாம். காணவில்லை என்பதனாலேயே இல்லை என்று கூறிவிடலாகாது.

சவுரிமுத்து தாம்பரத்தில் இல்லம் தொடங்கிய நாளில் காசநோய்க் கிருமியை அறிந்திருந்தனர்; அதனைக் கொல்லும் மருந்தை அறிந்திலர். கோக் கிருமியைக் கண்டு 61 ஆண்டுகள் சென்ற பின்னரே, 1943ஆம் ஆண்டில், ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்து கண்டுபிடிக்கப்பட்டது. 1956ஆம் ஆண்டில் சென்னையில் தோன்றிய காசநோய் ஆராய்ச்சி நிலையம், மருந்துகளை முறையாக உட்கொண்டால் வீட்டிலிருந்தே நோய் நீங்கப் பெறலாம் என்பதை 1959ஆம் ஆண்டில் உலகிற்கு எடுத்துக்காட்டியது. மலைச்சாரலில் தொடங்கிய ஆராய்ச்சி நம் ஊர்க் குடிசைகளில் வாழ்ந்த ஏழை மக்களால் நிறைவு பெற்றது எனலாம்.

இனி நாம் சானடோரியம் நிலையத்தைக் கடந்து செல்லும்போது, திரைக்குப் பின்னே தனித்திருந்து ஒரு துளி நீரைப் பொறுமையுடன் நோக்கிய அந்நாட்டுப்புற மருத்துவரை நினைவு கூர்வோமாக. பொருளைக் கண்ட அளவில் மகிழாது, அது அங்கே இருத்தல் தகுமா என்று வினவுவதும், ஐயம் தீரும்வரை அமைதியோடு காத்திருப்பதும் அறிவின் இரு கண்கள். அவ்விரு கண்களாலும் பார்த்தபோது இராபர்ட் கோக் எண்ணற்ற உயிர்களைக் காக்கும் வழியைக் கண்டார். ஒரு கண்ணை மூடிய ஒருமுறை அவரே வழி தவறினார். இவ்விரண்டையும் நெஞ்சில் கொள்வோர் அவருக்கு உண்மையான மாணவர் ஆவர்.